உரிமை கோர ஆளில்லாத பழமை

அந்தமானின் போர்ட் பிளேரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் செல்லுலர் சிறையின் கிளைகள் நின்றன. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறைக்கு நடுக்கோபுரத்திலிருந்து பிரியும் ஏழு கிளைகள், மூன்று தளங்கள், ஏறத்தாழ 690 தனியறைகள் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை கோபுரமும் மூன்று கிளைகளும்தான். 1941 ஜூன் 26 நிலநடுக்கம் கட்டடத்தை உலுக்கியது. அடுத்த ஆண்டு தீவுகளைப் பிடித்த ஜப்பானியப் படை, பதுங்குகுழி கட்ட இங்கிருந்த செங்கல்லை உருவிக்கொண்டது. இவை அந்நியராலும் இயற்கையாலும் நேர்ந்த சேதங்கள். ஆனால் விடுதலைக்குப் பிறகும் இடிப்பு தொடர்ந்தது. தீவுக்கு மருத்துவமனை வேண்டியிருந்தது, சிறை வேண்டியிருக்கவில்லை. நிர்வாகத்தின் கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை நிறுத்தியவர்கள் அதே சிறையில் அடைபட்டுக் கிடந்து, உயிரோடு திரும்பிய முன்னாள் அரசியல் கைதிகள். வங்கத்திலும் பிற மாநிலங்களிலும் முதுமையில் இருந்த அவர்கள் ஒன்றுகூடி, தில்லிக்கு மனுக்கள் அனுப்பி, எஞ்சியதையாவது விட்டுவைக்கும்படி போராடினார்கள். 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பழமையைக் காப்பது பற்றிப் பேசும்போது நாம் உடனே சட்டத்தையும் தொல்லியல் துறையையும் நிதி ஒதுக்கீட்டையும் நினைக்கிறோம். மூன்றும் தேவைதான். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று நடந்தாக வேண்டும். ‘இது எங்களுடையது, கை வைக்காதே’ என்று சொல்ல யாராவது இருக்க வேண்டும். சொல்ல ஆள் இருந்த இடங்கள் அரைகுறையாகவாவது பிழைத்தன. ஆள் இல்லாத இடங்கள் என்ன ஆயின என்பதை அறிய, போர்ட் பிளேரின் ஒரு பகுதியான ஹேடோவைப் போல் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் பிழைத்ததைப் பார்ப்போம். செல்லுலர் சிறையின் ஓர் அறை 13.5 அடி நீளம், 7.5 அடி அகலம். பின்சுவரில் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு சாளரம். ஒரு கிளையின் அறைக்கதவுகள் எல்லாம் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். ஆகவே நூற்றுக்கணக்கானோர் அடைபட்டிருந்தும் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்க முடியாது. மனிதர்களைச் சங்கிலியால் கட்டாமலேயே தனிமையில் நொறுக்குவதற்கு வரையப்பட்ட வரைபடம் இது. ஏழு கிளைகளும் ஒன்றாகச் சுழன்று நிற்கும்போதுதான் அந்த வரைபடத்தின் குரூரம் முழுதாக விளங்கும். மூன்று கிளைகள் மட்டும் உள்ள இன்றைய நிலையில், பார்க்க வருபவருக்கு அது ஒரு நீளமான பழைய கட்டடம் என்ற அளவில் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரு சின்னத்தின் பாதியை இழக்கும்போது அதன் அர்த்தத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

மிஞ்சியதைக் காப்பதும் எளிதான வேலை அல்ல. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு இது, சுற்றிலும் உப்புக்காற்று. செங்கல்லுக்குள் ஊறும் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து போகிறது. வெயில் ஏறும்போது ஈரம் ஆவியாகிறது, உப்பு மட்டும் உள்ளே படிகமாகித் தங்குகிறது. அந்தப் படிகம் வளர்ந்து செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளித் தூளாக்கும். பழைய சுவர்களைச் சுண்ணாம்புக் காரையில் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும். ஈரம் காரையின் வழியே வெளியேறும், கெடுவதானால் முதலில் காரை கெடும், செங்கல் தப்பும், காரையை மறுபடி பூசிக்கொள்ளலாம். பழைய சுவரின் விரிசலில் சிமென்ட்டை அப்பினால் நடப்பது நேர்மாறு. சிமென்ட் இறுகி வழியை அடைத்துவிடும், உப்பும் ஈரமும் செங்கல்லுக்குள்ளேயே சிறைப்படும், சில ஆண்டுகளில் சிமென்ட் மட்டும் முழுசாக நிற்க, சுற்றியுள்ள செங்கல் உதிர்ந்து போகும். தமிழகக் கோயில் மதில்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் நம்மிடம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடாமல் சிமென்ட் மூட்டையைப் பிரிப்பது, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் அழிவு.

ராஸ் தீவில் சிக்கல் வேறு விதம். 1858 முதல் 1941 நிலநடுக்கம் வரை ஆங்கிலேய நிர்வாகத்தின் தலைமையிடமாக இருந்து, 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாறிய அந்தச் சிறிய தீவில், தேவாலயத்தையும் ரொட்டிக்கூடத்தையும் அதிகாரிகளின் மாளிகைகளையும் ஆலமர இனத்து மரங்கள் பற்றிப் பிடித்திருக்கின்றன. கூரை எப்போதோ போய்விட்டது. சுவர் நிற்பதே வேரால்தான். வேரை வெட்டினால் சுவர் சரியும், விட்டால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். கம்போடியாவின் தா புரோம் கோயிலிலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே மரத்தையும் சுவரையும் சேர்த்தே ஒரு சின்னமாகக் கருதி, இடத்துக்கு இடம் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ராஸிலும் அதுதான் சரி என்பது என் கருத்து. எந்த வேரை விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்பதைச் சுவர் சுவராக முடிவு செய்ய வேண்டும், அதற்குப் பொறுமையான ஆட்கள் வேண்டும்.

இனி ஹேடோ. சென்னையிலிருந்து கப்பலில் வருபவர்கள் இறங்கும் துறைமுகம் இங்கேதான் இருக்கிறது. தலைமுறைகளாக இந்தத் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை இந்தக் கப்பல்துறையில் தொடங்குகிறது. இதை அடுத்து, ஒரு சிறு பாலத்துக்கு அப்பால், சாத்தாம் தீவு. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியேற்றத்தை அமைத்த இடம் அது. 1883இல் அங்கே தொடங்கிய அரசு மரமறுப்பு ஆலை இன்னும் இயங்குகிறது. 1942 மார்ச்சில் ஜப்பானிய விமானம் போட்ட குண்டு பறித்த பள்ளத்தையும் ஆலை வளாகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தொழிற்சாலை, தொழிற்சாலையாகவே இருந்துகொண்டு நினைவிடமாகவும் இருப்பது அபூர்வம்.

ஆனால் மரத்தைச் சுற்றி ஒரு கசப்பான முரண் இருக்கிறது. போர்ட் பிளேரின் பழைய வீடுகளில் பெரும்பகுதி மரவீடுகள். நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் உள்ள ஊருக்கு, அசைந்து கொடுக்கும் மரவீடு பொருத்தமான கட்டுமானமும்கூட. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கும் காட்டில் வாழும் மக்களுக்கும் அந்தத் தீர்ப்பு அவசியமானது. அதே நேரத்தில், அரிய மரவீட்டின் உளுத்த தூணை மாற்ற ஒரு படாக் மரக்கட்டை கிடைக்காதபோது, உரிமையாளர் வீட்டையே இடித்துக் கான்கிரீட் எழுப்புகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய வீடுகளைப் பழுது பார்க்க மட்டும், தோட்டத்தில் வளர்த்த மரத்திலிருந்து, கணக்கு வைத்துச் சிறு அளவு ஒதுக்கலாம். காட்டைத் தொடாமல் இதைச் செய்ய முடியும்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் கட்டடங்கள். ஹேடோவின் ஆகப் பெரிய இழப்புக்குக் கட்டடமே கிடையாது.

1863இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றை ஏற்படுத்தினார். பழங்குடியினரைப் பிடித்தும் அழைத்தும் வந்து, ஆடை உடுத்தி, ‘நாகரிகம்’ கற்பிக்கும் ஏற்பாடு. பின்னர் அந்த ஏற்பாடு குடியேற்றத்தின் வேறு இடங்களுக்கும் விரிந்தது. அவற்றில் முக்கியமானது ஹேடோ. 1879 முதல் பழங்குடியினருக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மேன் அவர்களை அளந்தார், புகைப்படம் எடுத்தார், அவர்களின் சொற்களைத் தொகுத்தார். அந்தப் படங்கள் இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தில் இருந்தவர்களை அம்மையும் மேகநோயும் கொண்டுபோயின. இல்லங்களில் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்பது அந்தமான் வரலாற்றில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படும் செய்தி. 1858இல் ஐயாயிரத்துக்கு மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். இன்று சில டஜன் பேர், ஸ்டிரெய்ட் தீவைத் தங்கள் ஊராகக் கொண்டு வாழ்கிறார்கள். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி மறைந்தபோது ‘போ’ மொழியைப் பேசத் தெரிந்த கடைசி ஆளும் போனார்.

ஒரு சிறையை மீட்க அதன் கைதிகள் திரும்பி வந்தார்கள். ஹேடோ இல்லத்துக்காகப் பேசத் திரும்பி வர யாரும் மிஞ்சவில்லை. ஹேடோ என்றால் இன்று துறைமுகம், சின்ன விலங்குக் காட்சிச்சாலை, கடைத்தெரு என்றுதான் நினைவு வருகிறது.

அதே மக்களின் முன்னோர் விட்டுச்சென்ற இன்னொன்று தீவுகள் எங்கும் கிடக்கிறது. தமிழகத்தில் பழமை என்றால் பாறையில் வெட்டிய எழுத்தும் சிற்பமும் நினைவுக்கு வரும். அந்தமானின் பழமை செதுக்கப்பட்டதல்ல, குவிக்கப்பட்டது. கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தங்கி, பொறுக்கி வந்த சிப்பியையும் சங்கையும் வேகவைத்துத் தின்று, ஓட்டை அங்கேயே போட்டு, அதன் மேலேயே மறுபடி குடியிருந்து உண்டான மேடுகள். பல அடி உயரத்துக்கு எழுந்தவை உண்டு. 1870இலேயே நிலவியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இவற்றைப் பற்றி வங்க ஆசியக் கழகத்துக்கு எழுதினார். 1950களில் இத்தாலிய மானிடவியலாளர் லிதியோ சிப்ரியானி தோண்டிப் பார்த்தார். 1980களில் தொல்லியலாளர் ஸரின் கூப்பர் பல தீவுகளில் மேடுகளைத் தேடி ஆராய்ந்தார், பாராடாங் தீவின் ஹவா பில் குகையிலும் அகழ்ந்தார். தென் அந்தமானின் சௌல்தாரியில் கிடைத்த காலக்கணிப்பு சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு போகிறது. நமது குகைத்தளங்களில் தமிழி எழுத்து வெட்டப்பட்ட காலத்தை ஒட்டியது அது.

இப்படி ஒரு மேட்டை வெட்டினால் பக்கவாட்டில் அடுக்குகள் தெரியும். வெளுத்த சிப்பி ஓடுகளுக்கு நடுவே சாம்பல் கோடு, அதற்குள் காட்டுப்பன்றியின் எலும்பு, கோடு கீறிய பானை ஓடு, மேலடுக்குகளில் கப்பல்கள் வந்த பிறகு கைக்குக் கிடைத்த இரும்பும் கண்ணாடிச் சில்லும். எந்தக் காலத்தில் எந்தச் சிப்பி கிடைத்தது, கடல்மட்டம் எங்கே நின்றது, பானை செய்யும் கை எப்போது மாறியது என்பதெல்லாம் அடுக்கின் வரிசையில் இருக்கிறது. வரிசை குலைந்தால் மிஞ்சுவது குப்பை. சிற்பம் உடைந்தால் துண்டுகளைச் சேர்த்து ஒட்டலாம். மேட்டை ஒரு பொக்லைன் அரை மணி நேரம் கிளறினால் ஒட்டுவதற்கு எதுவுமே இருக்காது.

கிளறப்படும் வாய்ப்பும் அதிகம். நன்னீர் ஓடையும் சமதளமும் படகு ஒதுங்கும் கரையும் உள்ள இடத்தைத்தான் அவர்கள் தங்கத் தேர்ந்தார்கள். பின்னால் வந்த குடியேற்றமும், சாலையும், தென்னந்தோப்பும், இப்போது வரும் விடுதிகளும் தேடுவது அதே இடத்தைத்தான். கடலும் நெருங்குகிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. போர்ட் பிளேருக்கு அருகே சிப்பிகாட்டில் வயலாக இருந்த நிலத்தில் இன்று கடல்நீர் நிற்கிறது. கரையோர மேடுகளுக்கு இது நல்ல செய்தி அல்ல. பழங்குடிக் காப்பகங்களுக்குள் இருக்கும் மேடுகள்தான் ஓரளவு பத்திரம். 1956இன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியாள் நுழைவதைத் தடுப்பதால், மக்களைக் காக்க வந்த சட்டம் மண்ணையும் காத்துக் கொடுத்திருக்கிறது.

1958இன் தொல்லியல் சட்டத்துக்கு 2010இல் திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பட்டியலில் ஏறிய பிறகுதான் இந்தச் சட்டம் கண் திறக்கும். பட்டியலில் ஏற்ற யாராவது கேட்க வேண்டும்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் கீழவளவு போன்ற இடங்களில் சமணர் படுகை உள்ள குன்றுகளின் அருகே வரை கிரானைட் குவாரிகள் மலையைச் சீவித் தள்ளியதை நாம் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அரிட்டாபட்டியில் கதை மாறியது. தமிழிக் கல்வெட்டு, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர், பாண்டியர் காலக் குடைவரையில் இலகுலீசர் சிற்பம், மலையடிவாரத்தில் ஏரிகள், வல்லூறுகள் என்று எல்லாம் சேர்ந்த அந்த ஊர் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படி இருந்தும் 2024 நவம்பர் 7 அன்று, அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கி, 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நகருக்குப் பேரணியாகத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிப்புப் பலகை தடுக்காததை ஊர் தடுத்தது.

ஊர் இருந்தும் கேட்கப்படாமல் போவதும் உண்டு. 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகான் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய பாறைக் குகைகளை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தது. 2013இலேயே சட்டப்படி அனுமதி வாங்கியிருந்தது. அனுமதிக்குப் பிறகு நடந்த அகழ்வில் 4,000 ஆண்டுப் பழமையான, மனித முடியால் பின்னிய கச்சைத் துண்டு கிடைத்தது. அதன் மரபணு அந்த நிலத்தின் இன்றைய மக்களோடு ஒத்துப்போனது. அந்தச் செய்தி கையில் வந்த பிறகும் அனுமதியை மறுபடி பரிசீலிக்க அன்றைய சட்டத்தில் வழி இல்லை. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பின்னர் பதவி விலக நேர்ந்தது. குகைகள் திரும்பவில்லை.

ஊரின் குரல் கேட்கப்படுமா என்ற கேள்வி நமது தீவுகளில் இப்போது கிரேட் நிக்கோபாரில் நிற்கிறது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகமும், விமான நிலையமும், நகரமும் வரவிருக்கின்றன. மேற்குக் கரையில் இருந்த தங்கள் பூர்விக ஊர்களை 2004 ஆழிப்பேரலையில் இழந்து, கேம்பல் விரிகுடாப் பக்கம் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரியர், அந்த ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். 2022 ஆகஸ்டில் கொடுத்த தடையின்மைச் சான்றை அவர்களின் பழங்குடி மன்றம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. முன்னோர் இருந்த கரையும் தோட்டமும் அவர்களுக்குக் கோயிலுக்குச் சமம். சுவரும் கோபுரமும் இல்லாததால் நமது படிவங்களில் அதை எழுதக் கட்டம் இல்லை.

தமிழருக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், முதலாம் ராஜேந்திரன் வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரம் வருகிறது. நிக்கோபாரைக் குறிக்கும் பெயர் அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான அந்தக் கல்லை நாம் பத்திரமாகக் காத்து, படித்து, பெருமைப்பட்டு வருகிறோம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் சூட்டியபோது ராஜேந்திரனின் கடற்பயணத்தின் நினைவும் பேசப்பட்டது. சோழர் கப்பல் வந்தபோது தீவுகளில் மக்கள் இருந்தார்கள், சிப்பி மேடுகள் அப்போதே பல நூற்றாண்டுப் பழையவை. வந்து போனவரின் கல்லுக்குக் கொடுக்கும் மரியாதையை, இருந்தவரின் மண்ணுக்கும் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை மலைப்பானவை அல்ல. தெரிந்த மேடுகள் எல்லாவற்றின் இருப்பிடத்தையும் குறித்து, வருவாய்த் துறையின் நில வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அது இருந்தால்தான் வீட்டுமனைக்கும் சாலைக்கும் அனுமதி தரும் எழுத்தருக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியும். கடல் தின்னப்போகும் மேடுகளை முதலில் முறையாக அகழ வேண்டும், மற்றவற்றைத் தோண்டாமல் விட வேண்டும். இவற்றைச் சுற்றுலாத் தலமாக்கவே கூடாது. ஒளி ஒலிக் காட்சி சிறைக்குப் போதும். போர்ட்மேன் எடுத்த படங்களின் பிரதிகளும் இல்லத்தின் பதிவுகளும் போர்ட் பிளேர் மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும், ஹேடோவில் நடந்ததை ஹேடோவிலேயே எழுதி வைக்க வேண்டும். எந்த மேட்டைத் தொடலாம், எதைக் கூடாது, எலும்பு கிடைத்தால் என்ன செய்வது என்பதை ஸ்டிரெய்ட் தீவின் மக்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அவர்களில் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அகழாய்வுக்கான நிதி வரும்வரை காத்திராமல் அவர்களிடம் பேசும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம்.